மொத்தமாக வாங்கிய காபித்தூளில் வாசம் போவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்

"எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். பொங்கலுக்கு முன்பு எல்லோரும் பணம் போட்டு, கும்பகோணத்தில் 12 கிலோ காபித்தூள் மொத்தமாக வாங்கி ஆளுக்கு ஒரு கிலோ பங்கிட்டுக்கொண்டோம். கிலோவுக்கு 40 ரூபாய் குறைந்தது. முதல் வாரம் தெருவே மணத்தது. மூன்றாவது வாரம் கசப்புதான் மிச்சம். இரண்டு வீட்டில் தூள் கட்டி தட்டிவிட்டது. ஒருத்தர் ஃப்ரிட்ஜில் வைத்தார். அவர் வீட்டுக் காபியில் குழம்பு வாடை அடிக்கிறது. கடைக்காரர் பழைய தூளைத் தள்ளிவிட்டாரா, நாங்கள் வைத்த விதம் சரியில்லையா? இன்னொன்று. குழுவில் ஒருவரின் சம்பந்தி வீட்டார் கொல்லிமலையில் இருக்கிறார்கள். அங்கிருந்து 50 கிலோ பச்சைக் காபிக்கொட்டை எடுத்து, வறுத்து அரைத்து விற்கலாம் என்று பேச்சு நடக்கிறது. குழுவுக்கு வந்திருக்கும் கடனில் இருந்து அதற்குப் பணம் போடலாமா?"

– ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் இருந்து ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்.

இரண்டு கேள்விக்கும் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறோம். முதல் வாரம் தெருவே மணத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழைய தூள் அப்படி மணக்காது. ஆகவே, கடைக்காரர் மீது குறை சொல்ல முடியாது. தூளாக ஒரு கிலோ வாங்கியதுதான் சிக்கல். கடன் பணத்தை 50 கிலோ கொட்டையில் இப்போது போட வேண்டாம். 5 கிலோவில் தொடங்குங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

நெல்லாக இருக்கும்போது இருக்கிற ஆயுள்

நெல்லைக் காயவைத்துக் குதிரில் கொட்டினால் ஆண்டு முழுக்க இருக்கும். அதையே அரிசியாக்கி வைத்தால் சில மாதங்களில் வண்டு எட்டிப்பார்க்கும். மாவாக அரைத்துவிட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். அதனால்தான் தேவைக்கு ஏற்ப மில்லுக்குக் கொண்டுபோகிறோம். முந்திரி விளையும் உங்கள் பகுதிக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஓட்டோடு காய்ந்த கொட்டை மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கும். உடைத்து எடுத்த பருப்பைத் திறந்து வைத்தால் நமத்துப்போகும். கொஞ்ச நாளில் எண்ணெய் சிக்கு வாடையும் வந்துவிடும்.

காபியும் அப்படித்தான். சரியாகக் காய்ந்த பச்சைக்கொட்டையை நல்ல இடத்தில் வைத்தால் ஏறக்குறைய ஓராண்டு தாங்கும். வறுத்த கொட்டை, அரைக்காமல் காற்றுப்புகாத டப்பாவில் இருந்தால் இரண்டு, மூன்று வாரம் நன்றாக இருக்கும். அரைத்த தூளுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஃபில்டரில் இறங்கிய டிகாக்‌ஷனுக்குச் சில மணி நேரம்தான். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுள் பல மடங்கு குறைகிறது. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்தில் காபி குடித்துப் பழகிய அந்தக்கால வீடுகளில் பச்சைக்கொட்டை வாங்கி வைத்து, அவ்வப்போது வறுத்து, கையால் சுற்றும் மெஷினில் அன்றன்றைக்கு அரைத்தார்கள். அது ருசிக்காக மட்டும் செய்த வேலை அல்ல. சேமிப்பு முறையும் அதுதான்.

நீங்கள் வாங்கியது கடைசிக்கு முந்தைய படியில் இருந்த பொருள். அதை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக் குடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். எந்த டப்பாவும் அதை முழுதாகக் காப்பாற்றியிருக்காது.

தூளில் இருந்து என்ன போகிறது?

பச்சைக் காபிக்கொட்டைக்கு நாம் அறிந்த காபி வாசம் கிடையாது. முகர்ந்தால் காய்ந்த புல், பச்சைப்பயறு மாதிரி இருக்கும். வறுக்கும் சூட்டில்தான் அந்த வாசம் உண்டாகிறது. கூடவே கரியமில வாயுவும் உருவாகி, கொட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வறுத்த நாளில் இருந்து அது மெல்ல மெல்ல வெளியேறும். போகும்போது வாசத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு வெளிக்காற்று வருகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன், கொட்டையில் இருக்கும் எண்ணெயைக் கெடுக்கிறது. அராபிகா காபிக்கொட்டையில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு எண்ணெய் உண்டு. முந்திரிப்பருப்பு சிக்கு வாடை அடிப்பதும், காபித்தூள் பழசாவதும் ஒரே விதத்தில்தான்.

கொட்டை முழுதாக இருந்தால் இந்த வேலை மெதுவாக நடக்கும். அரைத்தால், ஒரு கொட்டை நூற்றுக்கணக்கான துகளாகிறது. ஒவ்வொரு துகளிலும் காற்று படுகிறது. அரைக்கும்போது கடைத்தெரு முழுக்க மணக்கிறதே, அது நம் டம்ளருக்கு வரவேண்டிய வாசம் வெளியே போகிறது என்பதற்கு அடையாளம்.

காற்றோடு சூடும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அரியலூர் பகுதியில் கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிற நாட்கள் உண்டு. ஓட்டு வீட்டிலும், தகரம் போட்ட அடுக்களையிலும் பரண் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் தூள் வேகமாகக் கிழடு தட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. காற்றில் இருக்கும் ஈரத்தைத் தூள் இழுத்துக்கொள்ளும்.

கட்டி தட்டுவதற்குச் சிக்கரியும் ஒரு காரணம். சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கை வறுத்து அரைத்த தூள். குஜராத், உத்தரப்பிரதேசத்தில் விளைகிறது. அதில் உள்ள சர்க்கரைப் பொருள் வறுபடும்போது, ஈரத்தைக் கண்டால் விடாத குணம் வந்துவிடும். உங்கள் தூளில் சிக்கரி கலந்திருந்தால், ஈர ஸ்பூன் ஒரு முறை பட்டாலே போதும். சிக்கரி கலப்பது தப்பில்லை. சட்டமே அனுமதிக்கிறது. ஆனால், காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்கவேண்டும். எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கவேண்டும். மொத்தமாக வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் காபித்தூளையும் சிக்கரியையும் தனித்தனியாக வாங்கி, ஃபில்டரில் போடும்போது கலந்துகொள்ளுங்கள். கட்டி தட்டும் தொல்லை பெரும்பாலும் குறைந்துவிடும்.

அடுக்களையில் எங்கே, எதில் வைப்பது?

முதலில் டப்பா. மூடி இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் சம்படம் போதும். கண்ணாடி பாட்டில் என்றால் வெளிச்சம் படாத அலமாரிக்குள் இருக்கவேண்டும். ஊறுகாய், மசாலா இருந்த பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் வாடை நிற்கும். காபித்தூள் அதை இழுத்துக்கொள்ளும்.

டப்பாவின் அளவு முக்கியம். ஒரு கிலோ சம்படத்தில் 200 கிராம் தூள் கிடந்தால், மீதி இடம் முழுக்கக் காற்று. திறக்கும்போதெல்லாம் புதுக்காற்று உள்ளே போகும். 200 கிராமுக்கு 200 கிராம் பிடிக்கிற டப்பாதான் சரி. தூள் குறையக் குறைய, பாக்கெட்டோடு சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பிறகு டப்பாவுக்குள் வைக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

பழைய தூள் மீது புதுத்தூளைக் கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. டப்பாவின் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய காபி எண்ணெய் புதுத்தூளுக்கும் வாடையைக் கொடுக்கும். தீர்ந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, டப்பா ஆறியபிறகு நிரப்புங்கள்.

அடுத்து இடம். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி கைக்கு வசதி. ஆனால், ஆவியும் சூடும் நேராக அங்கேதான் போகும். ஜன்னல் திட்டு, பரண், ஃப்ரிட்ஜின் தலைமேல் என எல்லாமே சூடான இடங்கள்தான். குளுமையாக இருக்கும் என்று தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. அங்கே குளுமையோடு ஈரமும் இருக்கிறது. வீட்டின் உட்சுவர் ஓரமாக, கீழ்த்தட்டில், வெயில் விழாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். வெங்காயம், பெருங்காயம், மண்ணெண்ணெய், சோப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் வைத்த தூளில் குழம்பு வாடை ஏன்?

தினமும் எடுத்துப் புழங்கும் தூளுக்கு ஃப்ரிட்ஜ் சரியான இடம் இல்லை. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தால், அடுக்களையில் இருக்கும் சூடான காற்று உள்ளே போய், தூள் மீது வியர்க்கும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் தண்ணீர் கோர்ப்பதைப் போலத்தான். காலையும் மாலையும் இப்படி நடந்தால் பத்து நாளில் தூள் நனைந்துவிடும். அதோடு, ஃப்ரிட்ஜில் உள்ள குழம்பு, பூண்டு, மீன் வாடையெல்லாம் தூளில் ஏறும். உங்கள் குழு உறுப்பினர் வீட்டில் நடந்தது இதுதான்.

வீட்டில் கல்யாணம், திருவிழா என்று முன்கூட்டியே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஃப்ரீசர் ஓரளவு கைகொடுக்கும். தூளை 100 கிராம் பொட்டலங்களாக, காற்று உள்ளே இல்லாமல் அழுத்தி ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொட்டலம் மட்டும் எடுங்கள். பிரிக்காமல் மூன்று, நான்கு மணி நேரம் வெளியே வைத்து, வியர்வை காய்ந்த பிறகுதான் பிரிக்கவேண்டும். பிரித்ததை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. அடிக்கடி மின்சாரம் போகும் ஊராக இருந்தால் இந்த வழியும் வேண்டாம்.

40 ரூபாய் லாபமா, நஷ்டமா?

இப்போது பணக்கணக்குக்கு வருவோம். கணக்குக்காகத் தூள் கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கியதில் 40 ரூபாய் மிச்சம். முதல் அரைக் கிலோ நல்ல வாசத்தோடு தீர்ந்தது. அடுத்த அரைக் கிலோ சப்பென்று ஆனதும், பழைய ருசி வரட்டும் என்று நான்கு ஸ்பூன் போட்ட இடத்தில் ஐந்து ஸ்பூன் போட்டிருப்பீர்கள். எல்லா வீட்டிலும் கை தானாக அதைத்தான் செய்யும். அப்படியானால், 500 கிராம் செய்யவேண்டிய வேலைக்கு 625 கிராம் தேவை. கூடுதல் 125 கிராமின் விலை 100 ரூபாய். மிச்சமான 40 போக, 60 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது. அப்போதும் கசப்புதான் கூடியிருக்கும், வாசம் திரும்பியிருக்காது.

சரி, உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வாங்கலாம்? அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதுங்கள். தீர்ந்த நாளையும் குறியுங்கள். 200 கிராம் எட்டு நாள் வந்தால், உங்கள் வீட்டுக்கு ஒரு முறை வாங்கவேண்டிய அளவு 200 கிராம்தான். பதினைந்து நாள் வந்தால், 100 கிராம் வாங்குங்கள்.

குழுவாக வாங்குவதையும் விடவேண்டாம். முறையை மட்டும் மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12 கிலோ என்பதை, வாரம் ஒரு முறை அல்லது பத்து நாளைக்கு ஒரு முறை என்று ஆக்குங்கள். அணைக்கரை வழியாகக் கும்பகோணத்துக்கோ, வேறு வேலையாகத் திருச்சிக்கோ உங்கள் ஊரில் இருந்து யாராவது போய்க்கொண்டுதான் இருப்பார்கள். 12 பேரில் முறை வைத்து ஒருவர், 12 வீட்டுக்கும் சேர்த்து இரண்டரை, மூன்று கிலோ வாங்கி வரலாம். மூன்று கிலோ என்றாலும் கடைக்காரரிடம் விலை பேசலாம். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையாக இருக்கட்டும். 'கொட்டையை என்றைக்கு வறுத்தீர்கள்?' என்று கேளுங்கள். 'இன்று காலை', 'நேற்று' என்று பதில் வரும் கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கேயே 200 கிராம் பொட்டலங்களாகப் போட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து பெரிய பையைப் பிரித்துத் தராசில் நிறுத்துப் பங்கிடும்போது போகிற வாசம் மிச்சமாகும்.

மிக்ஸி நன்றாக ஓடும் வீடு என்றால், வறுத்த கொட்டையாகவே வாங்குங்கள். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு ஓட்டி அரைத்துக்கொள்ளலாம். தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடாகி வாசம் போகும். வறுத்த கொட்டை ஒரு மாதம் வரைகூடச் சமாளிக்கும்.

கொல்லிமலைக் கொட்டை: வாங்கும்போது என்ன பார்ப்பது?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், மர நிழலில் மிளகோடு சேர்த்துக் காபி பயிரிடுகிறார்கள். மலைத் தோட்டங்களில் பழம் பறிப்பது கார்த்திகையில் தொடங்கி மாசி வரை நடக்கும். காயவைத்த கொட்டை கீழே வரும்போது கோடை தொடங்கிவிடும். ஆகவே, நீங்கள் வாங்கி வைத்தால், முதலில் அரியலூர் வெயிலையும் பிறகு ஐப்பசி மழையையும் அந்தக் கொட்டை தாண்டவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கவேண்டும்.

முதல் சோதனை ஈரப்பதம். மேல்தோல், சதை நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டையில் ஈரம் 10 சதவிகித அளவுக்கு வந்திருக்கவேண்டும். பழத்தோடு அப்படியே காயவைத்தது என்றால் 11, 12 சதவிகிதம். ஈரப்பதமானி இருந்தால் அதில் பார்க்கலாம். இல்லையென்றால் பல்லில் கடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது கல் மாதிரி இருக்கும். பல் பதிந்தால் காயவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, நிறமும் வாடையும். ஒரே சீரான சாம்பல் பச்சையாக, நீலம் பாரித்த பச்சையாக இருப்பது நல்லது. வெளுத்துப்போயிருந்தால் பழசு, அல்லது ஈரம் ஏறி இறங்கியது. கறுப்புக் கொட்டை, வண்டு துளைத்த கொட்டை, உடைசல் அதிகம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பொறுக்கி எறிந்தால் எடை குறையும். கைநிறைய அள்ளி முகரும்போது ஈரச்சாக்கு வாடை, பூஞ்சண வாடை வந்தால் எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். சரியாகக் காயாத காபியில் வளரும் சிலவகைப் பூஞ்சணம் ஆக்ராடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியது. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. சொந்த பந்தம் என்று முகத்துக்காகத் தலையாட்டக் கூடாத இடம் இது.

பச்சைக்கொட்டை எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. மங்களூரு கடற்கரையில், தென்மேற்குப் பருவமழைக் காற்று நன்றாகப் படும்படி காபிக்கொட்டையைக் கிடங்குகளில் பரப்பி வைப்பார்கள். சில வாரங்களில் கொட்டை உப்பி, பச்சை மாறி, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அதற்கு 'மான்சூன்டு மலபார்' என்று பெயர். வெளிநாட்டில் அதற்குத் தனி மதிப்பு. ஆனால், அங்கே கிளறிவிட்டு, மூட்டை மாற்றி, கணக்காகச் செய்கிறார்கள். நம் வீட்டு மூலையில் மழைக்காலத்தில் தானாக ஈரம் ஏறினால், அது மான்சூன்டு மலபார் ஆகாது, பூஞ்சணம்தான் பிடிக்கும்.

ஆகவே, சணல் மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. பலகை மீது, சுவரை ஒட்டாமல், ஓர் அடி தள்ளி வையுங்கள். உரம், பூச்சிமருந்து, டீசல் இருக்கும் அறை வேண்டாவே வேண்டாம். விதைநெல்லுக்கு எந்த இடத்தைக் கொடுப்பீர்களோ, அந்த இடத்தைக் கொடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன், மீதமுள்ளதை மூடி இறுகிய பீப்பாய்க்கு மாற்றிவிடலாம். நன்றாகக் காய்ந்த கொட்டைக்கு மட்டும்தான் இது பொருந்தும். ஈரக் கொட்டையை மூடி வைத்தால் உள்ளேயே புழுங்கிவிடும்.

கடன் பணம் போடலாமா?

விலை பேசும்போது கொட்டை விலையும் தூள் விலையும் அருகருகே நிற்பதைப் பார்த்தால் பெரிய லாபம் தெரியும். வறுக்கும்போது 100-க்கு 15 முதல் 20 பங்கு எடை போய்விடும். கணக்குக்காக, கொட்டை கிலோ 400 ரூபாய் என்று 10 கிலோ வாங்கினால், 4,000 ரூபாய். வறுத்தபின் 8 கிலோதான் கைக்கு வந்தது என்றால், அடக்கம் கிலோ 500 ரூபாய் ஆகிவிட்டது. இதன்மேல் பஸ் கூலி, எரிபொருள், பொறுக்கிய கழிவு, அரவைக்கூலி, பாக்கெட், லேபிள் எல்லாம் இருக்கின்றன. விற்காமல் தங்கும் தூள் இரண்டே வாரத்தில் மதிப்பு இழக்கும் சரக்கு. தவணை தேதியோ தள்ளிப்போகாது. கடன் பணத்தை இதில் போடவேண்டாம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். முதலில் 5 கிலோ கொட்டை. 12 வீட்டுக்கும் நீங்களே வாடிக்கையாளர். கனமான இரும்புச் சட்டியில் ஒரு நேரத்துக்கு அரைக்கிலோவுக்கு மேல் போடாமல், மிதமான தீயில் கை விடாமல் கிளறுங்கள். பச்சை மஞ்சளாகி, பழுப்பாகி, பொரி வெடிப்பதைப் போலச் சடசடவென்று சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறும். உங்களுக்கு வேண்டிய நிறம் வந்ததும், சட்டியிலேயே விடாமல், முறத்தில் கொட்டி விசிறி ஆற்றுங்கள். சட்டிச் சூட்டில் விட்டால் கருகிவிடும். புகை நன்றாகக் கிளம்பும், சருகு பறக்கும். வெளியடுப்பில் செய்வது நல்லது. சூடாக இருக்கும்போது மூடக் கூடாது. ஆறிய உடனேயும் பாலித்தீன் பையில் இறுக்கி ஒட்டாதீர்கள். வாயு கிளம்பிப் பை பலூன் மாதிரி உப்பும். ஒரு நாள் விட்டு அரைப்பது உத்தமம். பெரிய நிறுவனங்களின் காபிப் பாக்கெட்டில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறதே, அது வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத வால்வு.

நான்கைந்து முறை வறுத்தால் ஒரே மாதிரி நிறம் வருகிறதா, எவ்வளவு எடை குறைகிறது, உங்கள் கைக்கணக்கில் அடக்கம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு விற்பனையை யோசிக்கலாம். விற்பதென்றால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும். பாக்கெட்டில் காபி-சிக்கரி அளவு, பேக் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் இருக்கவேண்டும். பதிவு பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். உணவுப்பொருள் பதப்படுத்துதல், பேக்கிங் பற்றித் தெரிந்துகொள்ள, தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்டெம்) இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, ஜெயங்கொண்டம் பக்கம் சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் மையம் உள்ளது. குழுவாகப் போய் விசாரியுங்கள்.

மற்ற வாசகர்களின் சிறு கேள்விகள்

தூள் பழசா, புதுசா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி? (பெரம்பலூர்)

ஃபில்டரில் தூள் போட்டு, கொதித்த தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். புதுத்தூள் உப்பி எழுந்து, நுரை கட்டும். உள்ளே இருக்கும் வாயு வெளியேறுவதுதான் அது. பழைய தூள் அசையாமல் சேறு மாதிரி உட்காரும். சிக்கரி அதிகம் இருந்தால் தண்ணீர் இறங்கவும் நேரமாகும்.

கட்டி தட்டிய தூளை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா? (செந்துறை)

ஈரத்தால் இறுகியது மட்டும்தான், வாடை ஏதுமில்லை என்றால் உதிர்த்து உடனே தீர்த்துவிடலாம். வெயிலில் போட்டால் இருக்கிற வாசமும் போய்விடும். பூஞ்சண வாடை அடித்தாலோ, வெள்ளையாக, பச்சையாக எதுவும் படர்ந்திருந்தாலோ, மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. மொத்தமாகக் குப்பைக்குழியில் போடுங்கள். வாசம் மட்டும் போன பழைய தூளால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ருசிதான் இருக்காது.

காலையில் இறக்கிய டிகாக்‌ஷனை மாலைக்கு வைக்கலாமா? (திருமானூர்)

இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் குடிப்பதே நல்லது. மாலைக்கு வேண்டுமானால், பால் கலக்காமல், மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து அன்றே தீர்த்துவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. டம்ளரில் விட்டு, மேலே கொதிக்கும் பாலை ஊற்றினால் போதும்.

இன்ஸ்டன்ட் காபி பாட்டில் கல்லாக இறுகிவிடுகிறதே? (ஆண்டிமடம்)

அது காபியைத் தண்ணீரில் இறக்கி, உலர்த்தி எடுத்த பொடி. ஈரத்தைக் கண்டால் உடனே குடிக்கும். ஆவி பறக்கும் டம்ளருக்கு மேலே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு போடாதீர்கள். காய்ந்த ஸ்பூனால் எடுத்து, மூடிய பிறகு பாலைக் கையில் எடுங்கள். மாதத்தில் நான்கு நாள் மட்டும் காபி போடும் வீட்டுக்குச் சின்ன சாஷேவே சிக்கனம்.

காபிச் சக்கையைச் செடிக்கு நேரடியாகப் போடலாமா? (உடையார்பாளையம்)

தடிமனாகப் போட்டால் காய்ந்து ஓடு மாதிரி இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. மட்கு குழியில் மற்ற இலைதழையோடு, ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து, மட்கிய பிறகு போடுங்கள். பால், சர்க்கரை கலந்த கழிவைச் சேர்த்தால் எறும்பு மொய்க்கும்.

வெட்டி எடுத்து அடுக்களையில் ஒட்டிக்கொள்ள

* தூள் ஒரு வாரத்துக்கு, கொட்டை ஒரு மாதத்துக்கு. அதற்கு மேல் வாங்கவேண்டாம்.
* பிரித்த தேதியைப் பாக்கெட்டில் எழுதுங்கள்.
* அளவுக்கு ஏற்ற டப்பா, இறுக்கமான மூடி, காய்ந்த ஸ்பூன்.
* அடுப்புக்கு மேலே, பரண், ஜன்னல், பானைப் பக்கம், ஃப்ரிட்ஜ் வேண்டாம்.
* பழைய தூள் மீது புதுத்தூள் கொட்டவேண்டாம்.
* சிக்கரியைத் தனியாக வைத்து, போடும்போது கலக்கவும்.
* பூஞ்சண வாடை வந்தால் கொட்டையானாலும் தூளானாலும் வேண்டாம்.

ஜெயங்கொண்டம் வாசகிக்கு ஒரு வார்த்தை. முதல் 5 கிலோவை வறுத்த பிறகு, எவ்வளவு எடை குறைந்தது, அடக்கம் என்ன ஆனது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற குழுக்களுக்கும் அந்தக் கணக்கு உதவும்.